அனகாபுத்தூர் கேப்டன்

குடும்பத்தோட கப்பல்ல டூரு போவணும்னு ஆசப்படறவங்க எல்லாம் கொஞ்சம் கிட்ட வாங்க. யோசன சொல்றேன். ஃபிரீ தான். எந்த மாசம் போவணும், எந்த ரூமு எடுக்கணும், எந்தப் பைல இன்னா வெக்கணும், எல்லாம் எனக்கு அத்துப்படி. என்ன மாதிரி பிளான் போட்டவன் பல்லாவரத்துலேர்ந்து குன்றத்தூரு வரைக்கும் ஒருத்தன் கெடையாது.

இவன் இன்னாடா எழுந்து நின்னு பேச மாட்றானேன்னு நெனைக்காதீங்க. கேப்டன் யாருக்கும் எழுந்து நிக்க மாட்டான்.

அதான் முதல் யோசன. கப்பல்ல போவணும்னா, வூட்ல யாரு கேப்டன்னு முதல்ல முடிவு பண்ணிக்கணும். எங்க வூட்ல நான் தான்.

எம் பேரு சிட்டிபாபு. ஷேர் ஆட்டோ ஓட்றேன். வூடு அனகாபுத்தூரு ஆத்தோரம். அடையாறு எங்க வூட்டுக்குப் பின்னால தான் ஓடுது. ஓடுதுன்னா, வருசத்துல பத்து மாசம் சும்மா படுத்துகினு கெடக்கும். மீதி ரெண்டு மாசம் எங்க வூட்டுக்குள்ள ஓடும். சம்சாரம் முத்தாலம்மாள். கோவளத்து மீன்காரங்க வூட்டுப் பொண்ணு. பம்மல்ல மீன் கட போட்டுகினு கீறா. கத்தி புடிச்ச கை. வாயும் அப்பிடித் தான். அவளாண்ட ரெண்டு நிமிசம் வாயக் குடுத்தா செதிலு தனியா, ஆளு தனியா வந்துடுவோம்.

ஆனா நான் பயந்தவன் கெடையாது. கல்யாணமாயி பத்தொம்பது வருசம். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கூட அவ சொன்னத நான் கேட்டதில்ல. அவ வலதுன்னா நான் இடது. குந்துன்னா நிப்பேன். கொட எடுத்துகினு போய்யான்னா நனஞ்சிகினு போவேன். பொண்ணு பொறந்தப்போ, "பேரு நீயே வெய்யி, ஆனா நிஷான்னு மட்டும் வெச்சிடாத, எனக்குப் புடிக்கல"ன்னா. எம்மாந் திமிரு பாருங்க. ஆஸ்பத்திரிலயே நிஷான்னு வெச்சிட்டுத் தான் டீ குடிக்கப் போனேன்.

சரி, கப்பலுக்கு வரேன்.

ஆவணி மாசம். சிறுசேரில கம்ப்யூட்டரு வேல பாக்கற புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு பல்லாவரத்துல என் வண்டில ஏறுனாங்க. வழியெல்லாம் ஒரே பேச்சு. குரூஸு இப்பிடி, குரூஸு அப்பிடி, குரூஸுல சோறு சூப்பரு. எங்க தெரு கெசியா டீச்சரு வூட்டுக்காரரு பேரும் குரூஸு தான். அவரு வூட்ல எனக்கு ஒரு டீ கூட குடுத்ததில்ல. மனசு கேக்கல. வண்டிய ஓட்டிகினே திரும்பிக் கேட்டேன்.

"சார், அந்த குரூஸு யாரு சார்? நமக்கும் சோறு போடுவாரா?"

அந்த சார் சிரிச்சாரு. குரூஸுன்னா டூரு போற கப்பலாம். கொச்சில ஏறுனா லட்சத்தீவுக்கு இட்டுகினு போய் காட்டிட்டு திரும்பக் கொண்டாந்து வுடுவானாம். பதினோரு மாடி. மாடி மேல நீச்சல் கொளம். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் சோறு. எத்தினி தபா வேணா துன்னலாம், ஏன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். எறங்கற எடம் தாண்டி அவங்கள அர கிலோமீட்டரு இட்டுகினு போயிட்டேன், அவ்ளோ யோசன கேட்டுகினேன்.

அன்னிக்கி சாயங்காலம் சாப்புட குந்துனப்போ ஆரம்பிச்சேன்.

"முத்து, தீபாவளி லீவுக்கு நம்ம குடும்பம் கப்பல்ல போவுது."

"எந்தக் கப்பலு?"

"கொச்சிலேர்ந்து லட்சத்தீவு. மாடில நீச்சல் கொளம் எல்லாம் கீது."

"சுத்தி கடல வெச்சிகினு நடுவுல கொளம் வெட்டுனவன் எவன்யா?"

"அதெல்லாம் உனுக்குப் புரியாது. லைஃப் ஜாக்கெட்டு கூட குடுப்பானாம்."

"எங்கிட்ட தெச்ச ஜாக்கெட்டே பதினாறு கீது. அளவு தெரியாம அவன் இன்னாத்த குடுக்கப் போறான்."

"முத்து, நான் சீரியஸா பேசறேன்."

"நானும் சீரியஸா தான் சொல்றேன். கடலாண்டயே பொறந்து கடலாண்டயே வளந்தவ நானு. எனக்கு இன்னாத்துக்கு கப்பலு? வேணவே வேணாம். தீபாவளிக்கு எங்கம்மா வூட்டுக்குப் போய் ரெண்டு நாளு படுத்துகினு வந்தா போதும்."

அம்மா வூடுன்னா கோபு. கோபுன்னா என் மச்சான், இவ தம்பி. போட்டுல மீன் புடிக்கப் போறவன். நல்லவன் தான். ஆனா "மாமா, மாமா"ன்னு பாசமா கூப்புட்டுகினே என் தட்டுல கீற வறுத்த வஞ்சரத்த தூக்கிடுவான். போன தீபாவளிக்கு என் சேருல குந்திகினான். என் லுங்கிய கட்டிகினான். எனக்கு எடுத்த சட்டைய எனக்கு முன்னால போட்டுப் பாத்து, "மாமா, உனக்கு டைட்டா இருக்கும்"னு சொல்லி அவனே வெச்சிகினான். அன்னிக்கே சபதம் போட்டேன். கோபு கால் வெக்கற எடத்துல நான் கால் வெக்க மாட்டேன்.

கைய கழுவாமயே எழுந்தேன். பேசறப்போ விரல நீட்டணும்ல, விரல் முனைல ஒரு சோத்துப் பருக்க ஒட்டிகினு இருந்திச்சு. பரவால்ல.

"கேட்டுக்கோ. இந்த வூடு ஒரு கப்பலு. நான் கேப்டன். கேப்டன் போலாம்னா போலாம். உங்கம்மா வூடு கெடையாது. உன் தம்பி கெடையாது. கப்பல்ல நாலு படுக்க. நானு, நீ, நிஷா, பிரேமு. அஞ்சாவது ஆளு கோபு வந்தா கடல்ல தான் படுக்கணும்."

"காசு?"

"காசு உன்னுது. ஐடியா என்னுது. சரி பாதி."

அவ கொழம்பு சட்டிய எடுத்துகினு உள்ள போனா. பையன் பிரேமு எட்டாவது படிக்கறான், கைத்தட்டுனான். பொண்ணு நிஷா பன்னெண்டாவது, அம்மா போன பக்கமே பாத்துகினு இருந்திச்சு. ஜெயிச்சது நான். பத்தொம்பது வருசத்துல இவ்ளோ சுளுவா நான் ஜெயிச்சதே இல்ல.

ஞாயித்துக் கெழம புக்கிங். நிஷா போன வெச்சிகினு குந்திச்சு. நான் அஞ்சாங் கிளாசு. தமிழ்ல பேப்பரு தலப்புலேர்ந்து காது குத்து விளம்பரம் வரைக்கும் படிப்பேன். இங்கிலீஷு எழுத்துக்கும் எனக்கும் பேச்சு வார்த்த இல்ல. அதனால நான் ஆர்டரு போட்டேன், பொண்ணு தட்டிச்சு. முத்தாலம்மாள் பக்கத்துல பூண்டு உரிச்சிகினு இருந்தா.

இங்க தான் ரெண்டாவது யோசன. எந்த மாசம் போறதுன்றது முக்கியம்.

"தை மாசம் போலாம்யா. ஐப்பசி மட்டும் வேணாம்"ன்னா அவ.

"ஐப்பசி போடு நிஷா."

"யோவ், மழ..."

"ஐப்பசின்னா ஐப்பசி."

"ம். உன்னாண்ட பேசி ஜெயிக்க முடியுமா."

இந்த வார்த்தைய அவ வாயால கேக்க எனக்கு எப்பிடி இருந்திச்சு தெரியுமா. காத ஒரு தபா குடஞ்சிகினேன், இன்னும் நல்லா கேக்கட்டும்னு.

மூணாவது யோசன ரூமு. கப்பல்ல ஜன்னலே இல்லாத உள் ரூமும் கீது, பால்கனி வெச்ச ரூமும் கீது.

"பால்கனி எல்லாம் எதுக்கு? உள் ரூமு போதும்யா. ஐஸ் பெட்டில மீன அடுக்குனாப்ல நாலு பேரும் படுத்துக்கலாம்."

"பால்கனி போடு நிஷா."

"சரி, பால்கனி எடுத்தா கப்பலு மூக்காண்ட எடு. நடுவுல எடுத்துத் தொலைக்காத. நடுவுல ஆட்டமே இருக்காது, சப்புனு இருக்கும்."

"நடுவுல போடு. நட்ட நடுவுல."

சிறுசேரி சாரும் அத்தயே தான் சொன்னாரு. நடு ரூமு எடுத்தா குலுக்காது, சீ-சிக்கு வராதுன்னு. சிக்காம், சிக்கு. நம்ம சீக்கத் தான் வெள்ளக்காரன் தூக்கிகினு போய் பேர மாத்தி வெச்சிகினு கீறான்.

"ப்பா, ஆறாவது டெக்குல கெடைக்குது"ன்னிச்சு நிஷா.

"ரூமுலயே டெக்கு குடுக்கறானா? அப்ப கேசட்டு நம்ம எடுத்துகினு போவணுமா?"

"டெக்குன்னா மாடி ப்பா."

"தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

கடைசில எல்லார் ஆதாரும் கேட்டிச்சு நிஷா. முத்து சுருக்குப் பைலேர்ந்து அவளுது, புள்ளைங்களுது எல்லாம் எடுத்து வெச்சா. என்னப் பாத்து கைய நீட்டுனா.

"ஆதார குடுய்யா."

குடுய்யாவாம். இன்னா அதிகாரம். போலீஸ்காரரு வண்டிய மடக்குனாலே நான் ஜெராக்ஸு தான் நீட்டுவேன்.

"குடுக்க முடியாது. என் ஆதாரு என் பாக்கெட்ல தான் இருக்கும்."

"இல்லய்யா, அத்த போட்டாத் தான்..."

"மூச். கேப்டனாண்ட ஆதாரு கேக்கற கப்பல நான் பாத்ததே இல்ல."

நிஷா அவங்க அம்மா மூஞ்ச பாத்திச்சு. அவங்க அம்மா பூண்டப் பாத்தா. "வுடு ப்பா, நான் பாத்துக்கறேன்"னிச்சு பொண்ணு. அஞ்சு நிமிசத்துல டிக்கெட்டு வந்துடுச்சு. நாலு பேருக்கு. எண்ணிப் பாத்தேன், நாலு வரி இருந்திச்சு.

அதுக்கப்பறம் ரெண்டு மாசம் நான் கேப்டனாவே வாழ்ந்தேன். தாம்பரம் சண்முகம் ரோட்ல, ஸ்கூலு புள்ளைங்க மாறுவேசப் போட்டிக்கு சாமான் விக்கற கடைல ஒரு வெள்ளத் தொப்பி வாங்குனேன். முன்னால நங்கூரம் போட்டது. சின்னப் பசங்க சைஸு, மண்டைய கொஞ்சம் கவ்வும். அத்த போட்டுகினு தான் ஆட்டோ ஓட்டுனேன். "பம்மல் துறைமுகம் எறங்கறவங்க எல்லாம் எறங்கு"ன்னு கத்துவேன். ஜனங்க சிரிச்சிகினே எறங்குவாங்க.

ராத்திரில படுத்துகினு நெனச்சிப் பாப்பேன். பால்கனில நான் நிக்கறேன். கையில டீ. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தண்ணி, அதுல ஒரு சொட்டு கூட என் வூட்டுக்குள்ள வராத தண்ணி. உங்களுக்கு இது சின்ன ஆசையா தெரியும். அனகாபுத்தூருகாரனுக்குத் தான் அது எம்மாம் பெரிசுன்னு தெரியும்.

நாலாவது யோசன, பை. கப்பல்ல பெரிய பெட்டிய ஏறும்போதே வாங்கிகினு போயிடுவான். ரூமுக்கு சாயங்காலம் தான் வரும். அதனால மாத்து துணி, மாத்திர, சோப்பு, ஆதாரு எல்லாம் கையில கீற சின்னப் பைல வெச்சிக்கணும். இத்த நான் வூட்ல எடுத்து சொன்னேன். அவ கேட்டுகினே சின்னப் பைல நெத்திலி கருவாட அமுக்கிகினு இருந்தா.

"முத்து, அங்க முப்பது வகை சோறு போடறான்."

"போடட்டும். தொட்டுக்க?"

"கப்பலே நாறிடும்."

"கப்பலு எங்க போவுது? மீனாண்ட தான போவுது. அதுங்க ஒண்ணும் நெனச்சிக்காது."

அஞ்சாவது யோசன, கப்பல் கெளம்பற நாளைக்கி ஒரு நாள் முன்னாடியே ஊரு போய் சேந்துடணும். ரயிலு லேட்டானா கப்பலு நமக்காவ நிக்காது. அதனால புதங்கெழம சாயங்காலம் தாம்பரத்துல ரயிலு, வியாழக்கெழம கொச்சில தங்கல், வெள்ளிக்கெழம கப்பலு. பிளானுன்னா இது பிளானு.

ஞாயித்துக் கெழம மழ ஆரம்பிச்சிது.

எங்க மாடில யக்ஞநாராயணன் சார் குடியிருக்காரு. ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டரு. திங்கக்கெழம மாடிப்படிலேர்ந்து எட்டிப் பாத்தாரு.

"சிட்டிபாபு, நியூஸ் பாத்தியாப்பா? நாளன்னிக்கு ரொம்ப கனமழையாம். ஏரி வேற நிரம்பிண்டே வருது. திறந்து விட்டான்னா நம்ம தெரு தாங்காதுப்பா."

தெருவே தயாராயிடுச்சு. எங்க தெருவுல இது ஒரு பண்டிக மாதிரி. ஆளாளுக்கு வாஷிங் மிஷின பெஞ்சு மேல ஏத்துவான், மோட்டார கழட்டுவான், கேஸ் சிலிண்டர கட்டி வெப்பான். வூட்ல ஒரு ஆம்பள இருந்தா சாமான் பொழைக்கும். இல்லன்னா அது பாட்டுக்கு ஆத்தோட பட்டினப்பாக்கம் கடலுக்குப் போய் சேரும். போன தபா எங்க ஃபிரிட்ஜு எங்களுக்கு முன்னால கடலுக்கு கெளம்பிச்சு. கேட்டாண்ட புடிச்சி இஸ்துகினு வந்தேன். அந்த ஃபிரிட்ஜ தனியா தூக்கி வெச்சதுல எனக்கு பத்து நாளு இடுப்பு புடிச்சிகிச்சு.

செவ்வாக்கெழம வாசல்ல நின்னு ஆத்தப் பாத்துட்டு உள்ள வந்தேன்.

"முத்து, தண்ணி ஏறுது."

"ஏறட்டும்."

"ஃபிரிட்ஜு, பீரோ எல்லாம் கீதே."

"போனா போவட்டும்யா. வூடே அடிச்சிகினு போனாலும் சரி. நீ இல்லாம நான் கப்பல்ல கால வெக்க மாட்டேன். நாளைக்கி நீ வந்தே ஆவணும்."

வந்தே ஆவணுமாம். யாரு யாருக்கு ஆர்டரு போடறது? அந்த பால்கனி, அந்த டீ, எல்லாம் ஒரு செகண்டு கண்ணு முன்னால வந்து நின்னிச்சு. ஆனா மானம்னு ஒண்ணு கீதுல்ல.

"வர முடியாது."

"யோவ், வெளாடாத. நான் சொல்றேன், நீ வர."

"நீ சொன்னா நான் வந்துடணுமா? அன்னிக்கி இன்னா சொன்னேன்? இந்த வூடு கப்பலு, நான் கேப்டன். தண்ணி வரப்போ கப்பல வுட்டு எறங்கறவன் கேப்டனே கெடையாது. நீங்க போங்க."

பிரேமு வாயப் பொளந்துகினு பாத்தான். அவ முந்தானைய எடுத்து மூஞ்ச மூடிகினா. தோளு குலுங்கிச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"அப்போ உன் படுக்க சும்மா கெடக்குமேய்யா"ன்னா, துணிக்குள்ளார இருந்து.

"கெடக்கட்டும்."

"அதுக்காவ கோபுவ அனுப்பலாம்னு மட்டும் நெனைக்காத, ஆமா. அவன் வேணவே வேணாம். கடல்லயே கெடக்கறவனுக்கு கப்பலு ஒரு கேடா? நீயா சொன்னாலும் நான் இட்டுகினு போவ மாட்டேன்."

இங்க தான் எனக்கு ஒரு சின்ன சிக்கலு வந்திச்சு. கோபு கூடாதுன்றது என் கட்சி. இப்போ பாத்தா இவ வந்து என் கட்சில சேந்துட்டா. புருசனும் பொண்டாட்டியும் ஒரே கட்சில இருந்தா அதுக்குப் பேரு குடும்பமா? நாளைக்கி நாலு பேரு, சிட்டிபாபு பொண்டாட்டி பேச்ச கேட்டுகினு மச்சான ஒதுக்கிட்டான்னு சொல்ல மாட்டான்? ரெண்டு நிமிசம் யோசிச்சேன். கட்சி மாறிட்டேன்.

"கோபு தான் போவான்."

"வேணாம்யா."

"கோபு போறான். நீ போன் போடறியா, நான் போடட்டா?"

நானே போட்டேன். "மச்சான், உடனே கெளம்பி வா"ன்னேன். கோவளம் எங்க, அனகாபுத்தூரு எங்க. நல்ல நாள்லயே ஒண்ணர மணி நேரம். இவன் இருவதாவது நிமிசம் வாசல்ல நிக்கறான். முடி வெட்டிகினு, புதுச் சட்ட போட்டுகினு, தோள்ல பையோட.

"எப்பிடிடா மச்சான் இவ்ளோ சீக்கிரம்?"

"காத்து தள்ளிகினு வந்துடுச்சு மாமா."

"பைய எப்போடா கட்டுன?"

"மீன்காரன் பை எப்பவும் கட்டித் தான் மாமா இருக்கும்."

பாவம், வெள்ளந்தி.

மறுநாளு என் வண்டிலயே அவங்கள தாம்பரம் ஸ்டேஷனுக்கு இட்டுகினு போனேன். கேப்டன் தொப்பிய போட்டுகினு பிளாட்பாரத்துல நின்னு, இன்னும் மூணு யோசன சொன்னேன். படிக்கட்ட புடிச்சிகினு எறங்கு, பஃபேல முதல்ல ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு அப்பறமா தட்ட எடு, தீவுல எறங்குனா திரும்பற நேரத்த கையில எழுதிக்கோ. அவ ஜன்னலாண்ட குந்திகினு தலைய தலைய ஆட்டுனா. ரயிலு நகரும்போது கோபு எனக்கு டாட்டா காட்டுனான். பத்தொம்பது வருசத்துல அவ என்ன அவ்ளோ பாசமா பாத்தது அன்னிக்கி தான்.

ரெண்டு நாளு மழ. நிக்காத மழ. தெருவுல முழங்காலு தண்ணி. வெள்ளிக்கெழம சாயங்காலம் கேட்ட தாண்டி உள்ள வந்து, எங்க வாசப்படிக்கு கீழ நின்னிச்சு. பீரோல கீற துணிய எல்லாம் பரண்ல ஏத்துனேன். மிஷின பெஞ்சு மேல ஏத்துனேன். ஃபிரிட்ஜ பாத்தேன். இடுப்ப தடவிப் பாத்துகினேன். போனா போவுது சனியன், தண்ணி படி ஏறுனா பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன். அது மேல கீற சாமான மட்டும் எறக்குனேன். அதுல ஒரு பேப்பரு. நிஷா எடுத்து வெச்ச டிக்கெட்டு ஜெராக்ஸு.

எல்லாரும் போயிட்டாங்க. டிக்கெட்ல என் பேராவது என்னாண்ட கீதேன்னு ஒரு சந்தோசம். மாடிக்கி எடுத்துகினு போனேன்.

"சார், இதுல என் பேரு எந்த வரின்னு கொஞ்சம் காட்டுங்க. கட் பண்ணி ஆட்டோல ஒட்டப் போறேன்."

யக்ஞநாராயணன் சார் கண்ணாடிய மாட்டிகினாரு. படிச்சாரு. கண்ணாடிய கழட்டி தொடச்சாரு. திரும்பப் படிச்சாரு.

"முத்தாலம்மாள். நிஷா. பிரேம்."

"நாலாவது சார்."

"நாலாவது கோபுன்னு போட்டிருக்குப்பா."

"அது இப்போ மாத்துனதா இருக்கும் சார். நேத்து முந்தா நேத்து."

"இல்லியேப்பா. தேதி போட்டிருக்கே. ரெண்டு மாசம் ஆச்சு. உன் பேர் இதுல எங்கயுமே இல்ல."

நான் கப்பல் ஏறலன்னு யாரு சொன்னது? ரெண்டு மாசம் முன்னாடியே என் மானம் ஏறிடுச்சு. பால்கனி ரூமுல.

கீழ வந்து போன் போட்டேன். கப்பலு இன்னும் கரைக்கிப் பக்கத்துல தான் போய்கினு இருந்திச்சு போல, வீடியோ பளிச்சுனு வந்திச்சு. வெயிலு. நீலமா கடலு, கொளத்து தண்ணி மாதிரி சாதுவா கெடக்குது. இவ கூலிங் கிளாஸு போட்டுகினு பால்கனில குந்திகினு கீறா. பின்னால கோபு. என் லுங்கி.

"இன்னாமே, அங்க மழ இல்லியா?"

"இந்த மேக்கத்திக் கடலு அடங்குற நேரத்துல தான்யா நம்மூரு கடலு எழும்பும். எங்கப்பாரு சொல்லுவாரு. ஐப்பசில இங்க சும்மா பாயி விரிச்சாப்ல இருக்கும்."

"அப்போ ஐப்பசி வேணாம்னு ஏன் சொன்ன?"

"சொன்னேன். நீ கேட்டியா?"

"டிக்கெட்ல என் பேரே இல்ல."

"ஆதார குடுய்யான்னு எல்லார் முன்னாலயும் கேட்டேன். நீ குடுத்தியா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"உன் பேரு இல்ல, நீ வராதன்னு சொல்லியிருந்தா, நீ நீஞ்சிகினாவது வந்திருப்பியேய்யா."

ஆனாலும் தோத்துட்டேன்னு காட்டிக்க முடியுமா? நெஞ்ச நிமித்துனேன். தொப்பிய சரி பண்ணிகினேன்.

"பரவால்ல. ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்கோ முத்து. அன்னிக்கி சபதம் போட்டேன், கோபு கால் வெக்கற எடத்துல நான் கால் வெக்க மாட்டேன்னு. காப்பாத்திட்டேன். இன்னி வரைக்கும் நீ சொன்னத நான் கேட்டதும் இல்ல, இனிமே கேக்கப் போறதும் இல்ல."

"தெரியும்யா. அது தான் எனக்கு இருக்கற ஒரே தைரியம்." கூலிங் கிளாஸ கழட்டுனா. கொரலு அப்பிடியே எறங்கிச்சு. "இதப் பாரு, அந்த ஃபிரிட்ஜ மட்டும் தூக்கிடாத. உன்னால ஒத்த ஆளா முடியாது. உனக்கு வயசாயிடுச்சு."

போன வெச்சிட்டா.

முடியாதாமா. வயசாயிடுச்சாமா. யாருக்கு?

ஃபிரிட்ஜு இப்போ கட்டில் மேல கீது. தண்ணி வாசப்படியோட திரும்பிப் போயிடுச்சு. தரைல குப்புறப் படுத்துகினு தான் நான் இம்மா நேரமா உங்களாண்ட பேசிகினு கீறேன்.